ஸ்பாவின் பழைய பாதை: பதினான்கு கிலோமீட்டரும் ஒரு ஸ்பேனரும்

பெல்ஜியத்தின் ஸ்பா-ஃபிராங்கோர்ஷாம் பந்தயப் பாதையை இன்றைய ஃபார்முலா ஒன் ஓட்டுநர்கள் கொண்டாடுகிறார்கள். அப்படியிருக்க, 14 கிலோமீட்டர் நீளமிருந்த அதன் பழைய பாதையை ஏன் பாதியாக வெட்டினார்கள் என்பது கேள்வி. கூடவே இன்னொன்று: அது ஜெர்மனியின் நூர்பர்க்ரிங்கைவிட ஆபத்தானது என்பது உண்மையா, பழைய ரசிகர்கள் ஊதிப் பெருக்கியதா?

இரண்டாவதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். என் கணிப்பில் அது உண்மைதான். நூர்பர்க்ரிங் ஏறத்தாழ 23 கிலோமீட்டர் நீளம், எண்ணி மாளாத வளைவுகள். ஆனால் அந்த வளைவுகளே காரின் வேகத்தை அடக்கி வைத்தன. 1975 பந்தயத்தின்போது ஃபார்முலா ஒன் கார் அங்கே ஓடிய மிக வேகமான சுற்றின் சராசரி மணிக்கு 193 கிலோமீட்டரை எட்டவில்லை. பழைய ஸ்பாவில் 1973ஆம் ஆண்டு ஆன்றி பெஸ்காரோலோ மாட்ரா ஸ்போர்ட்ஸ் காரில் ஒரு சுற்றை 3 நிமிடம் 13.4 விநாடியில் முடித்தார். சராசரி மணிக்கு 262 கிலோமீட்டர்! உச்ச வேகத்தைச் சொல்லவில்லை, சராசரியைச் சொல்கிறேன். அதுவும் இரண்டு பக்கமும் வீடு, மரம், தந்திக் கம்பம், முள்கம்பி வேலி நிற்கிற கிராமத்துச் சாலையில்.

இதைப் புரிந்துகொள்ள அந்தப் பாதையை ஒரு முறை மனத்தில் சுற்றிவர வேண்டும். ஃபிராங்கோர்ஷாம், மால்மெடி, ஸ்டாவெலோ என்று ஆர்டென் மலைக்காட்டில் மூன்று ஊர்கள். இந்த மூன்றையும் இணைக்கும் பொதுச் சாலைகளே பந்தயப் பாதை. மற்ற நாட்களில் மாட்டு வண்டியும் பால் வண்டியும் போகிற சாலை, பந்தயத்துக்கு மட்டும் அடைக்கப்படும். லா சோர்ஸ் என்ற கொண்டை ஊசி வளைவைத் தாண்டியதும் சரிவு. கீழே ஓ ரூஜ் என்ற சிற்றோடை. 'சிவந்த தண்ணீர்' என்று பொருள். இரும்புச் சத்து மண்டிய ஊற்றுநீர் ஓடைக்கற்களைத் துரு நிறமாக்கிவிடும். நம் ஊரில் பெயர்ப்பலகை தொங்கவிடும் 'ஸ்பா' என்ற சொல்லே பக்கத்திலிருக்கும் இந்த ஊற்றுநீர் ஊரிலிருந்து வந்ததுதான். ஓடையைக் கடந்ததும் செங்குத்தான ஏற்றம், பிறகு கெம்மெல் நேர்சாலை, மலை உச்சியில் லே கோம்ப். இதுவரை இன்றைய பாதையிலும் உண்டு. அங்கே இன்றைய பாதை வலப்புறம் திரும்பிப் பள்ளத்தாக்குக்குள் இறங்கிவிடுகிறது. பழைய பாதையோ இடப்புறம் ஒடித்து பர்னென்வில் கிராமத்தை நோக்கிப் பாயும்.

பர்னென்வில் ஒரு நீண்ட வலது வளைவு. இறக்கத்தில், வீடுகளுக்கு நடுவில், மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல். அதைத் தாண்டி மால்மெடி அருகே இன்னொரு வலது வளைவு, பிறகு மாஸ்டா நேர்சாலை. இரண்டு கிலோமீட்டருக்கு மேல் ஆக்சிலேட்டரை மிதித்தபடியே போகலாம். கார் உச்ச வேகத்தில் இருக்கும்போது, நடுவில் பண்ணை வீடுகளுக்கிடையே சாலை இடதும் வலதுமாக ஒரு சின்ன நெளிவு நெளியும். மாஸ்டா நெளிவு என்பது அதுதான். வரைபடத்தில் அது வளைவாகவே கண்ணில் படாது. மாட்டு வண்டிக்காரன் அதைக் கவனித்திருக்கவே மாட்டான். ஆனால் மணிக்கு 280 கிலோமீட்டரில் வருகிறவனுக்கு அது உயிர்ப் பிரச்சினை. காலை எடுக்காமல் அதில் போகிறவன்தான் நல்ல நேரம் எடுக்க முடியும், ஏனென்றால் நெளிவுக்குப் பின்னால் இன்னொரு நீண்ட நேர்சாலை காத்திருக்கிறது. இங்கே விட்ட வேகத்தை அந்தச் சாலை முழுக்கச் சுமக்க வேண்டும். அதன் முடிவில் ஸ்டாவெலோ, மறுபடி காட்டுக்குள் ஏற்றம், பிளான்சிமோன், திரும்பவும் லா சோர்ஸ். சுற்று முழுக்க உண்மையிலேயே மெதுவாகப் போக வேண்டிய இடம் அந்த ஒரு கொண்டை ஊசி வளைவு மட்டும்தான்.

இந்த வேகம் தானாக வந்ததல்ல, திட்டமிட்டுச் சேர்த்தது. லியேஜ் நகரின் செய்தித்தாள் ஒன்றை நடத்திய ஜூல் த தியேயும் ஆன்றி லாங்லுவா வான் ஓஃபெமும் 1920இல் இந்த முக்கோணத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். முதல் உலகப்போர் முடிந்து, அதுவரை ஜெர்மனியில் இருந்த மால்மெடி வெர்சாய் உடன்படிக்கையால் பெல்ஜியத்துக்கு வந்த நேரம் அது. ஓ ரூஜ் ஓடைதான் முன்பு எல்லைக்கோடு. ஓடைக்கு அப்பால் பழைய சுங்கச்சாவடி இருந்த இடத்தில் பாதை ஒரு கூர்மையான வளைவு வளைந்து திரும்பியது. 1921 ஆகஸ்டில் கார் பந்தயம் அறிவித்தார்கள், ஒரே ஒரு கார்தான் பதிவானது. ஆகவே மோட்டார் சைக்கிள்களை ஓடவிட்டார்கள். மறு ஆண்டு கார்கள் வந்தன. 1924இல் 24 மணி நேரப் பந்தயம், 1925இல் கிராண்ட் பிரீ.

ஐரோப்பாவின் மிக வேகமான பாதை என்ற பெருமை அமைப்பாளர்களுக்குப் பிடித்துப்போனது. 1939இல் சுங்கச்சாவடி வளைவை ஓரங்கட்டிவிட்டு, ஓடையிலிருந்து நேரே மேட்டில் ஏறும் சாலையைப் போட்டார்கள். இன்று ரைடியோன் என்று படம் எடுத்து மகிழ்கிறோமே, அந்த ஏற்றம் பிறந்தது அப்படித்தான். போருக்குப் பிறகு ஸ்டாவெலோ ஊருக்குள் புகுந்து திரும்பும் கூர் வளைவையும் விலக்கி, சாய்வு கொடுத்த அகல வளைவு ஒன்றை அமைத்தார்கள். காரை நிதானிக்க வைத்த இடங்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, மரங்களையும் கம்பங்களையும் மட்டும் அப்படியே விட்டுவைத்தார்கள். இந்தப் பாதையின் வரலாற்றில் எனக்கு இன்றும் ஆறாத இடம் இதுதான்.

விலை உடனே தெரிந்தது. அதே 1939 ஜூனில், மழையில், மெர்சிடிஸ் காரில் முன்னணியில் போய்க்கொண்டிருந்த இங்கிலாந்தின் ரிச்சர்ட் சீமேன் லா சோர்ஸுக்குச் சற்று முன்னால் சறுக்கி மரத்தில் மோதினார். கார் தீப்பிடித்தது. நினைவிழந்து உள்ளே சிக்கியவரை வெளியே எடுத்தபோது தீக்காயங்கள் முற்றிவிட்டன, அன்றிரவே இறந்தார். வயது 26. 1958இல் ஆர்ச்சி ஸ்காட் பிரவுன் என்ற ஓட்டுநர், சீமேனுக்கு நினைவுக்கல் வைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே, ஈரமான சாலையில் சறுக்கி மோதி மறுநாள் இறந்தார். அன்றைய பந்தயத்தில் ஸ்காட்லாந்துக்காரர் ஒருவரும் ஓடினார். ஐரோப்பாக் கண்டத்தில் அவருக்கு அதுதான் முதல் பந்தயம். பின்னாளில் உலகச் சாம்பியன் ஆனவர், பெயர் ஜிம் க்ளார்க்.

மழையைப் பற்றிச் சொல்லாமல் ஸ்பாவைப் பற்றிப் பேச முடியாது. 14 கிலோமீட்டர் சுற்று, மேடும் பள்ளமுமான காடு. புறப்படும் இடத்தில் வெயில் காயும், பர்னென்வில்லில் கொட்டித் தீர்க்கும். ஒரு சுற்றுக்கு முன் காய்ந்திருந்த சாலை அடுத்த சுற்றில் நனைந்திருக்கும், அதைச் சொல்ல வானொலி கிடையாது. வளைவுக்குள் போன பிறகுதான் ஓட்டுநருக்குத் தெரியும்.

ஆனால் 1960இல் மழையே தேவைப்படவில்லை. சனிக்கிழமைப் பயிற்சி ஓட்டத்தில் பர்னென்வில்லில் ஸ்டிர்லிங் மாஸின் லோட்டஸ் காரின் பின் சக்கரம் கழன்று பறந்தது. மாஸ் காரிலிருந்து தூக்கி எறியப்பட்டார். இரண்டு கால்களும் மூக்கும் முறிந்தன, முதுகெலும்பில் அடி. அன்றே மைக் டெய்லர் என்ற இளைஞரின் லோட்டஸில் ஸ்டியரிங் தண்டு உடைந்து, கார் மரங்களுக்குள் பாய்ந்தது. அவர் பிழைத்தார், ஆனால் அதோடு பந்தய வாழ்க்கை முடிந்தது. பிறகு லோட்டஸ் நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டு வென்றார்.

மறுநாள் பந்தயம் வழக்கம்போல் தொடங்கியது. 22 வயது கிறிஸ் பிரிஸ்டோ இன்னொருவரோடு போட்டி போட்டுக்கொண்டு பர்னென்வில்லுக்குள் வந்தார், கார் கையை மீறியது, முள்கம்பி வேலியில் எறியப்பட்டு அங்கேயே இறந்தார். சில சுற்றுகள் கழித்து ஆலன் ஸ்டேசியின் முகத்தில் ஒரு பறவை மோதியது. கார் சாலையை விட்டுப் போய் எரிந்தது. ஸ்டேசிக்கு வலது காலின் கீழ்ப்பகுதி செயற்கைக் கால்; அத்தோடு ஃபார்முலா ஒன் வரை வந்த மனிதர். இரண்டு பேர் செத்த பிறகும் பந்தயம் நிற்கவில்லை. ஜாக் பிராபம் வென்றார்.

க்ளார்க்குக்கு அது இரண்டாவது கிராண்ட் பிரீ. ஸ்டேசி அவருடைய அணித்தோழர். பிரிஸ்டோ விழுந்த இடத்துக்கு முதலில் வந்து சேர்ந்தவர்களில் க்ளார்க்கும் ஒருவர். சாலையில் கிடந்த உடல் மேல் ஏறாமல் மயிரிழையில் விலகிப் போனார். அன்றிலிருந்து ஸ்பாவை வெறுத்தார், அதை மறைக்கவும் இல்லை. வெறுத்த அந்தப் பாதையில்தான் 1962 முதல் 1965 வரை தொடர்ந்து நான்கு முறை வென்றார். 1963இல் கொட்டும் மழை. கியர் உச்ச நிலையிலிருந்து நழுவிக்கொண்டே இருந்தது. ஒரு கையால் கியர்த் தண்டைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் ஸ்டியரிங்கைத் திருப்பி மாஸ்டாவைக் கடந்தார். இரண்டாவது வந்த புரூஸ் மெக்லாரனுக்கு ஏறத்தாழ ஐந்து நிமிடம் முன்னால் முடித்தார். பயப்படாதவன்தான் வேகமாக ஓட்டுவான் என்று நினைப்பவர்கள் க்ளார்க்கை ஒரு முறை நினைத்துக்கொள்ள வேண்டும்.

இனி 1966. பாதியாக வெட்டப்பட்டதன் உண்மையான தொடக்கம் அந்த ஆண்டின் ஜூன் 12ஆம் தேதிதான்.

15 கார்கள் காய்ந்த சாலையில் புறப்பட்டன. மலைக்கு அந்தப் பக்கம் மழை கொட்டிக்கொண்டிருந்தது. முதல் சுற்று முடிந்து திரும்பி வந்தவை ஏழு. வராத எட்டில் க்ளார்க்கின் கார் இன்ஜின் பழுதால் நின்றது. மற்ற ஏழு பேரையும் தண்ணீர் தள்ளிவிட்டது. அந்த ஏழில் ஒருவர் ஜாக்கி ஸ்டூவர்ட். மாஸ்டா நெளிவுக்கு வரும்போது அவருடைய பிஆர்எம் கார் மணிக்கு 265 கிலோமீட்டர் வேகத்தில் இருந்தது. சாலையில் ஓடிய தண்ணீர்மேல் டயர்கள் ஏறிவிட்டால் ஸ்டியரிங்குக்கு வேலையில்லை. கார் தெப்பம்போல் மிதக்கும். தந்திக் கம்பம் ஒன்றில் மோதி, மரவெட்டியின் குடிசை ஒன்றை இடித்து, சாலைக்குக் கீழே ஒரு பண்ணை வீட்டு முற்றத்தில் போய் நின்றது. காரின் உடல் வளைந்து ஸ்டூவர்ட்டின் கால்களை நெரித்துக்கொண்டது. பெட்ரோல் டேங்க் கிழிந்து உள்ளே ஒழுகியது. உட்கார்ந்த இடத்திலேயே பெட்ரோலில் ஊறிக்கொண்டிருந்தார்.

பக்கத்திலேயே சறுக்கி நின்ற கிரஹாம் ஹில்லும் பாப் பான்டுரான்டும்தான் ஓடி வந்தார்கள். அங்கே பந்தய ஊழியர் யாரும் இல்லை, மருத்துவரும் இல்லை, கருவி எதுவும் இல்லை. ஸ்டியரிங் சக்கரத்தைக் கழற்றினால்தான் மனிதனை எடுக்க முடியும், கழற்ற ஸ்பேனர் வேண்டும். வேடிக்கை பார்க்க வந்த ஒருவரின் கார் டூல் பாக்ஸிலிருந்து ஸ்பேனர் வாங்கிவந்து கழற்றினார்கள். இதற்குள் 25 நிமிடம் போய்விட்டது. ஒரு பொறி பறந்திருந்தால் மூன்று பேருமே இல்லை. பெட்ரோல் தோலைப் பொசுக்கிக்கொண்டிருந்ததால் ஹில் ஸ்டூவர்ட்டின் உடைகளைக் கழற்றினார். கடைசியாக ஆம்புலன்ஸ் வந்து முதலுதவி அறைக்குக் கொண்டுபோனது. அங்கே ஸ்ட்ரெச்சரோடு தரையில் வைத்தார்கள், சுற்றிலும் சிகரெட் துண்டுகள். அங்கிருந்து லியேஜ் மருத்துவமனைக்குப் புறப்பட்ட ஆம்புலன்ஸ், முன்னே போன போலீஸ் வண்டியைத் தவறவிட்டு வழி தெரியாமல் அலைந்தது.

காறை எலும்பும் விலா எலும்புகளும் அடிபட்டிருந்தன, குணமாகிவிட்டார். ஆனால் அன்று கண்டதை அவர் விடவில்லை. அடுத்த பந்தயத்திலிருந்து அவருடைய காரில் ஸ்டியரிங் பக்கத்தில் ஒரு ஸ்பேனர் டேப் போட்டு ஒட்டப்பட்டிருந்தது. யாராவது ஓடிவந்தால் கையில் எடுத்துக் கழற்றிக்கொள்ளட்டும் என்று! ஒரு விளையாட்டு தன் வீரனுக்குச் செய்து கொடுத்திருந்த பாதுகாப்பு அந்த ஸ்பேனர் அளவுதான். பிஆர்எம் அணியின் லூயிஸ் ஸ்டான்லி, ஐரோப்பியப் பந்தயங்களுக்குக் கூடவே போகும் நடமாடும் மருத்துவமனை ஒன்றை 1967இல் உருவாக்கினார். ஸ்டூவர்ட் சீட் பெல்ட், தடுப்பு வேலி, தீயணைப்பு வசதி, மருத்துவர் என்று ஊர் ஊராகக் கேட்டுப் போராடத் தொடங்கினார். அதுவரை சீட் பெல்ட் வேண்டாம், எரியும் காருக்குள் கட்டுண்டு கிடப்பதைவிட வெளியே எறியப்படுவதே மேல் என்றுதான் ஓட்டுநர்களே நம்பினார்கள். 1960ஐ நினைத்தால் அந்த நம்பிக்கையின் கதி தெரியும்.

கோழை என்று எழுதினார்கள், விளையாட்டைக் கெடுக்கிறான் என்றார்கள். மூன்று முறை உலகச் சாம்பியன் ஆன மனிதரைப் பற்றி இப்படி எழுத எப்படி மனம் வந்தது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

1969இல் ஸ்டூவர்ட் ஓட்டுநர் சங்கத்தின் சார்பில் ஸ்பாவைப் பார்வையிட்டு, என்னென்ன செய்ய வேண்டும் என்று சொன்னார். அமைப்பாளர்கள் செலவு செய்யத் தயாரில்லை. அணிகள் வரத் தயாரில்லை. அந்த ஆண்டு பெல்ஜியன் கிராண்ட் பிரீ நடக்கவே இல்லை. 1970இல் இரும்புத் தடுப்புகள் போட்டு, மால்மெடியில் வேகத்தைக் குறைக்கத் தற்காலிக நெளிவு ஒன்றும் வைத்து மறுபடி நடத்தினார்கள். அத்தனைக்கும் பிறகு மெக்சிகோவின் பெத்ரோ ரொத்ரிகேஸ் மணிக்கு 241 கிலோமீட்டர் சராசரியில் வென்றார். 1950இல் ஃபாஞ்சியோ வென்றபோது சராசரி 177. இருபது ஆண்டுகளில் கார் அவ்வளவு மாறியிருந்தது, சாலை அதே சாலைதான். பழைய பாதையில் நடந்த கடைசி ஃபார்முலா ஒன் பந்தயம் அதுவே.

கார் பந்தயம் அங்கே அதோடு நிற்கவில்லை. 1971இல் 1000 கிலோமீட்டர் பந்தயத்தில் அதே ரொத்ரிகேஸ், ஜாக்கி ஆலிவரோடு சேர்ந்து போர்ஷே 917 காரில் மணிக்கு 249 கிலோமீட்டர் சராசரியில் வென்றார். அன்றைய வேகமான சுற்று ஜோ சிஃபெர்ட்டுடையது. அந்த ஆண்டு முடிவதற்குள் ரொத்ரிகேஸும் சிஃபெர்ட்டும் வேறு வேறு பாதைகளில் இறந்துபோனார்கள். இதே 1000 கிலோமீட்டர் பந்தயத்தை நான்கு முறை வென்ற பிரையன் ரெட்மேன், 1968 கிராண்ட் பிரீயில் லே கோம்பில் கை முறிந்தவர். ஸ்பா பந்தயத்துக்கு முந்தைய இரவு வியர்த்துக்கொண்டு படுத்திருப்பேன் என்று பின்னாளில் வெளிப்படையாகச் சொன்னார். 1973இல் 24 மணி நேரப் பந்தயம் ஹான்ஸ்-பீட்டர் ஜோய்ஸ்டன், ரோஜர் டுபோஸ், மாசிமோ லாரினி என்ற மூன்று ஓட்டுநர்களைக் கொண்டுபோனது. அதன் பிறகு இந்தப் பாதைக்காக வாதாட ஆள் குறைந்துகொண்டே போனது. மோட்டார் சைக்கிள்கள் கடைசிவரை ஓடின. 1977இல் பேரி ஷீன் 500 சிசி பந்தயத்தை மணிக்கு 217 கிலோமீட்டர் சராசரியில் வென்றார். தலைக்கவசமும் தோல் உடையும் மட்டும் பூண்டு, அந்த மாஸ்டா வீடுகளுக்கு நடுவில்.

1978 பழைய பாதையின் கடைசி ஆண்டு. 1979இல் ஏறத்தாழ 7 கிலோமீட்டர் நீளத்தில் புதிய பாதை திறந்தது. லே கோம்பில் வலப்புறம் திருப்பி, பள்ளத்தாக்கு வழியாக இறக்கி, பிளான்சிமோனுக்கு முன்னால் பழைய சாலையோடு சேர்த்துவிட்டார்கள். பர்னென்வில்லும் மாஸ்டாவும் ஊர்க்காரர்களுக்கே திரும்பக் கிடைத்தன. ஃபார்முலா ஒன் 1983இல் திரும்பி வந்தது. நல்ல வெட்டு அது. பழைய சுற்றின் மிக அழகான பகுதிகளை வைத்துக்கொண்டு, மிகக் கொடிய பகுதிகளை விட்டுவிட்டது. உலகில் வேறெந்தப் பழைய பாதையையும் இவ்வளவு நேர்த்தியாகத் திருத்தியதாக எனக்குத் தோன்றவில்லை.

அதற்காகப் புதிய பாதையை மெத்தை என்று நினைக்க வேண்டாம். 1985இல் ஸ்டெஃபான் பெல்லோஃப் ஓ ரூஜில் இறந்தார். 2019இல் ரைடியோன் ஏற்றத்தில் ஃபார்முலா டூ ஓட்டுநர் அன்ட்வான் உபேர் இறந்த பிறகுதான் அங்கே ஓரவெளியை அகலப்படுத்தினார்கள். 2023இல், மழையில், கெம்மெல் நேர்சாலையில் டிலானோ வான்ட் ஹோஃப் என்ற 18 வயது இளைஞர் போனார். அந்தக் காட்டின் மழை 1966இல் இருந்த அதே மழைதான்.

கேள்விக்கு ஒரே ஒரு ஒப்பீட்டில் பதில் சொல்லச் சொன்னால் நம் ஊர்க்காரர் ஒருவரைத்தான் சொல்வேன். 1960இல் மாஸுக்குச் சக்கரம் கழன்றது, ஏழு வாரம் பந்தயமில்லை. அவ்வளவு சீக்கிரம் எழுந்து வந்ததையே அன்று அதிசயமாகப் பேசினார்கள். 2012 செப்டம்பர் 2ஆம் தேதி, அதே ஸ்பாவில், பந்தயத்தின் நடுவில் நாராயண் கார்த்திகேயனின் எச்ஆர்டி காருக்கும் சக்கரம் கழன்றது. கார் சுழன்று தடுப்பில் மோதி நின்றது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் மொன்சாவில் பந்தயம் ஓட்டிக்கொண்டிருந்தார்.